கட்டை வைக்காத நாள்

அவர் முதலில் அடிப்பார். என்ன நடந்தது என்று பிறகுதான் கேட்பார். சொன்ன பதில் சரியாக இருந்தால் "சரி, போ" என்பார். அடித்த அடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அதனால் அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், அடி வாங்கியவனும் பேசமாட்டான்.

கோலா கெத்திலிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் போகிற சாலையில், ரப்பர் மரங்கள் முடிந்து கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய பட்டறை இருந்தது. நாலு மரக்கால், மேலே தகரம், பின்னால் ஒட்டினாற்போல வீடு. முன்னால் ஒரு பலகை பெஞ்சு. வண்டி கொண்டுவருகிறவர்கள் அதில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குள்ளிருந்து டீ வரும். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் சொல்லுவோம். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை நான் சொல்லப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. இருந்த கொஞ்சக் கழுத்திலும் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடக்கும். கை மட்டும் வேறு யாருடைய கையோ போலப் பெரிது.

நான் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு, சுங்கைப்பட்டாணியில் தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவரிடம் ஒரு பழைய சின்ன லாரியை வாங்கினேன். எழுபத்திநாலா, எழுபத்தைந்தா, சரியாக ஞாபகமில்லை. என் மூத்த மகள் அப்போது தவழ்ந்தாள், அது ஞாபகம் இருக்கிறது. லாரிக்கு மேலே நீலம் அடித்திருந்தார்கள். எங்கே இடித்தாலும் உள்ளேயிருந்து பச்சை தெரியும். ஒட்டுப்பால் ஏற்றுவேன், விறகு ஏற்றுவேன், கல்யாண வீட்டு நாற்காலி ஏற்றுவேன், சில நாள் ஆட்களையும் ஏற்றுவேன். வாங்கி இரண்டு மாதத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழட்டு" என்றார்.

எதைக் கழற்றச் சொல்கிறார் என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"எடது கால் சிலிப்பரக் கழட்டுடா."

கழற்றிக் கொடுத்தேன். ஜப்பான் சிலிப்பர், நீல வார். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அந்தச் சிலிப்பராலேயே என் கன்னத்தில் ஒன்று விட்டார். பெஞ்சில் இருந்தவர்களின் டீ கிளாஸ் ஒரு நொடி அப்படியே நின்றது.

"கால எங்கடா வெக்கிற?"

"பெடல்லண்ணே."

"எப்ப வெக்கிற?"

"கியர் மாத்தறப்ப மட்டும்..."

இன்னொன்று விழுந்தது.

"பொய்லா. நாள் பூரா அதும்மேலதான் வெச்சிருக்க. கீழ பூமி இருக்கு, பலகை இருக்கு. பெடல் மேல எதுக்குடா கால ஊற வெக்கிற? கிளட்ச் என்ன ஒங்கப்பன் வெட்டுன கொளமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னம் எரிந்தாலும் நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மை. டிராக்டரில் பழகின கால், எப்போதும் பெடலிலேயே கிடக்கும். அப்படிக் கால் வைத்து ஓட்டினால் கிளட்ச் பிளேட் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். இதை ஒருவன் செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டானே என்ற ஆச்சரியத்தில் அடி மறந்துபோனது. எங்களை எல்லாம் அவர் பிடித்து வைத்திருந்தது இப்படித்தான். அவர் அடித்த இடத்தில் எப்போதும் ஏதோ ஒரு தப்பு இருந்தது.

இரும்பை மட்டும் அவர் அடித்து நான் பார்த்ததில்லை. சுத்தியல் ஒன்று தூணில் துருப்பிடித்துத் தொங்கியது. போல்ட் இறுகிப்போய் வரவில்லை என்றால் மண்ணெண்ணெய் விட்டுவிட்டு, பக்கத்தில் குந்தி ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் விடுவார். "இரும்புக்கு அவசரம் இல்லடா, நமக்குத்தான்" என்பார். புது பிளேட்டை நடுவாக நிறுத்த அவரே கொய்யாக் கட்டையில் ஒரு குச்சி செதுக்கி வைத்திருந்தார். அதைப் பிளேட்டின் ஓட்டையில் நுழைக்கும்போது பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காது குத்துகிறவன்கூட அத்தனை மெதுவாகக் குத்தமாட்டான்.

ஆனால் கியர்பாக்ஸை இறக்கும்போது அவருக்கென்று ஒரு முறை உண்டு. மற்ற பட்டறையில் அதை இறக்கிச் சாக்கின் மேல் வைப்பார்கள். இவர் வண்டிக்காரனைக் கீழே மல்லாக்கப் படுக்கச் சொல்லி அவன் நெஞ்சில் இறக்குவார். ஒரு கோணியை மடித்து நெஞ்சுக்குப் போடுவார், அவ்வளவுதான். பிளேட்டை மாற்றி முடிக்கும்வரை அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். "மண்ணு பட்டா கெட்டுப்போவும்லா. எவன் தேச்சானோ அவன் நெஞ்சு தாங்கட்டும்." ஒரு ஆட்டுக்கிடாய் நெஞ்சில் ஏறி நிற்கிற பாரம் இருக்கும். மூச்சைச் சின்னச் சின்னதாகத்தான் விட முடியும்.

இன்னொரு விஷயம், கட்டை. வண்டியை ஜாக்கியால் தூக்கினால் உடனே பழைய ரயில் கட்டை இரண்டைச் சட்டத்துக்குக் கீழே கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே நுழைப்பார். ஒருநாள் எங்கள் தோட்டத்து டிராக்டர்காரன் ஒருவன் கீழே உருண்ட ஸ்பேனரை எடுக்க, ஜாக்கி மட்டும் நின்ற வண்டிக்கு அடியில் நுழைந்தான். இவர் அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, ரப்பர் ஹோஸால் உள்ளங்காலில் அடித்தார். எண்ணி அடிக்கவில்லை, கை ஓயும்வரை அடித்தார். "ஜாக்கி எண்ணெயில நிக்குதுடா. எண்ணெய்க்கு ஒன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது!" அவன் நாலு நாள் குதிகாலால் நடந்தான். ஆனாலும் அவன் மனைவி அடுத்த வாரம் பட்டறைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள்.

பெரிய வெள்ளிக்கிழமை கதையையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சின்னக் கோயில் முன்னால் இருந்த திடலில் வருஷா வருஷம் சேசுவின் பாடுகள் நாடகம் போடுவார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், இருந்தாலும் தோட்டமே போய்ப் பாய் விரித்து உட்காரும். ஒரு வருஷம் இவருக்குப் போர்ச்சேவகன் வேஷம் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் செய்த தலைக்கவசம், சிவப்புத் துண்டு. சாட்டைக்குத் துணியைத் திரித்துச் சாயம் போட்டு வைத்திருந்தார்கள். இவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லாரி டியூபை வாராக வெட்டிக் கொண்டுவந்திருந்தார். துணி சத்தம் கொடுக்காதாம். சேசுவாக வந்தவன் பால்வெட்டுக்காரச் சின்னப்பன், ஒடிசலான ஆள். முதல் அடியிலேயே அவன் துள்ளிய துள்ளலில் பெண்கள் பக்கம் ஓவென்று அழுதது. மூன்றாவது அடியில் அவன் கத்திவிட்டான்.

"ஐயோ அண்ணே! நான் சேசு இல்லண்ணே, சின்னப்பண்ணே!"

அது காதில் விழாமல் ஜனம் இன்னும் அழுதது. சாமியார் ஓடிவந்து குறுக்கே விழுந்தார், அவருக்கும் ஒன்று கிடைத்தது. பிறகு விசாரித்தபோது இவர் சொன்னாராம்: "அடிச்சாங்கன்னுதானே ஃபாதர் எழுதியிருக்கு? அடிச்சேன்."

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வருஷக்கணக்கில் சிரித்தோம். சின்னப்பனே சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டிச் சிரிப்பான். ஆனால் அன்றைக்கு அந்தத் திடலில் அழாமலும் சிரிக்காமலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போர்மேனுடைய மனைவி. முட்டியைக் கட்டிக்கொண்டு, புருஷனுடைய கை மேலே போவதையும் கீழே வருவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எனக்கு மூன்று நாலு வயது மூத்தவராக இருப்பார். பிள்ளை கிடையாது.

பெஞ்சுக்கு டீ கொண்டுவருவது அந்த அக்காதான். டின்பால் ஊற்றின டீ, மேலே ஆடை படிந்திருக்கும். குனிந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். போர்மேன் மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குள் போகும்போது சில நாள் உள்ளேயிருந்து தட்டு விழுகிற சத்தம் வரும். பிறகு வேறு சத்தம் வரும். அப்போது பெஞ்சில் இருக்கிற எங்களில் ஒருவர் பேச்சைக் கொஞ்சம் சத்தமாக ஆக்குவார். பந்து விளையாட்டு, மழை, தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் புதிதாக வந்திருக்கிற கிராணி, ஏதாவது ஒன்று. யாரும் சொல்லி வைத்ததில்லை, தானாக வரும். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் பேச்சு போதவில்லை. காய்ந்த தென்னை மட்டை மாதிரி ஏதோ ஒடிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போர்மேனே அக்காவை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். அக்காவின் வலது மணிக்கட்டு திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்று எங்களிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சோறு குழைந்துவிட்டதாம். பின்னாளில் தெரிந்தது. கை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு டீ இடது கையில்தான் வரும். நாங்கள் வாங்கிக் குடிப்போம்.

சரி, கிளட்சுக்கு வருகிறேன். இதற்குத்தான் இத்தனையும் சொன்னேன்.

அவரிடம் அடி வாங்கின பிறகு நான் பெடலில் கால் வைப்பதில்லை. அன்றைக்கு அவர் மாட்டின பிளேட் நாலு வருஷம் தாங்கியது. அப்புறம் மறுபடி வழுக்கியது. அதே நேரம் செமிலிங் தாண்டி ஒரு சின்ன மாதா கோயிலில் திருவிழா. தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களை என் லாரியில் கூட்டிப்போவதாகப் பேச்சு. அக்காவின் தங்கச்சியும் பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். அக்காவுக்கும் ஆசைதான், போர்மேன் அனுப்பமாட்டார்.

லாரியைக் கொண்டுபோனேன். அவர் கேட்காமலே இடது சிலிப்பரைக் கழற்றி நீட்டினேன். திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தது.

"ம். இது ஒன் தப்பு இல்ல. வண்டிக்கு வயசாச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் எனக்கு ஏதோ மாலை போட்ட மாதிரி இருந்தது.

சுங்கைப்பட்டாணி கடையில் புது பிளேட் வாங்கிவந்தோம். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதைப் பிரித்து, ஒரு சுத்தமான பேப்பரில் வைத்தார். "தொடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா டீயோடு வெளியே வந்தார். டீயை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். போன வருஷத் திருவிழாவில் மாதா விளக்கிலிருந்து பிடித்து, சாமியார் மந்திரித்துத் தங்கச்சி கையில் கொடுத்தனுப்பின தேங்காய் எண்ணெய்.

"இதத்தானா தம்பி புதுசா மாட்டறாங்க?"

"ஆமாக்கா. இது இருந்தாத்தான் வண்டி ஓடும்."

"தங்கச்சியும் புள்ளைங்களும் இதுலதான் வராங்க." அக்கா எண்ணெயைப் பிளேட்டில் விட்டு, கோணல் கையின் பெருவிரலால் சிலுவை போட்டார். உதடு அசைந்தது. விரலால் நன்றாகத் தேய்த்தும் விட்டார், பிள்ளை நெற்றியில் தேய்க்கிற மாதிரி.

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. ஆயுத பூசைக்கு நாங்கள் ஸ்பேனருக்குச் சந்தனம் வைப்போம், பேட்டரிக்குக் குங்குமம் வைப்போம். வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, அந்த பிளேட் உலர்ந்து இருந்தால்தான் பிடிக்கும், ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வழுக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, நானே சொன்னேன்: "அந்தப் பக்கமும் வைங்கக்கா."

அக்கா திருப்பி அந்தப் பக்கமும் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்த அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எண்ணெய் உள்ளே இறங்கி, மேலே தெரியாமல் போய்விட்டது. போர்மேன் வந்து வழக்கம்போலப் பூப்போல மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெண்கள் பின்னால் செபமாலைப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறும் முன் ஒரு மேடு உண்டு. பாதி மேட்டில் எஞ்சின் கத்தியது, வண்டி நின்றது. அப்புறம் பின்னால் வர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன். அத்தனை பாரத்தை அந்தப் பழைய பிரேக் எங்கே பிடிக்கும். வண்டி பின்னாலேயே போய் ஒரு ரப்பர் மரத்தில் மோதியது. பின்பலகை திறந்துகொண்டு நாலைந்து பேர் கீழே கொட்டினார்கள். அக்காவின் தங்கச்சிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு கிழவருக்கு இரண்டு பல் போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு ஒரு வாசனை வந்தது. பலகாரச் சட்டி கருகுகிற வாசனை, தேங்காய் எண்ணெய் கருகுகிற வாசனை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் தோட்டத்து டிராக்டர் என் லாரியைப் பட்டறைக்கு இழுத்துவந்தது. போர்மேன் ஒரு ஃபேன் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நான் இறங்கினதும் ஆரம்பித்தார். முதுகு, தோள், தடுத்த கை. பெஞ்சில் அன்று யாரும் இல்லை.

"கால எங்கடா வெச்ச? மச்சினி எலும்ப ஒடச்சியேடா! சொல்லுடா, எங்க வெச்ச?"

என் கால் பலகையில்தான் இருந்தது. ஆனால் பெடலில் வைக்கவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும், அது எந்த வீட்டுக் கதவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். குழைந்த சோற்றுக்கே மணிக்கட்டு. இதற்கு?

"பெடல்லதாண்ணே. என் தப்புதான்" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. சிலிப்பரைக் கழற்றச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கோபம். ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். "படுடா உள்ள" என்றார். படுத்தேன். அவரும் நுழைந்தார். ரயில் கட்டை இரண்டும் தூணோரமே கிடந்தன. அவர் கட்டை வைக்காமல் வண்டிக்கு அடியில் போனதை என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கியர்பாக்ஸ் என் நெஞ்சில் இறங்கியது. பெல்ட் அடி விழுந்த முதுகு மண்ணில் எரிந்தது. அவர் மூடியைக் கழற்றி பிளேட்டை உருவினார். கறுத்து, கண்ணாடி மாதிரி மினுங்கியது. எஞ்சின் எண்ணெய் ஒழுகியிருக்குமோ என்று மேலே விரலை விட்டுப் பார்த்தார். விரல் காய்ந்து வந்தது. பிளேட்டை மோந்து பார்த்தார். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தேங்காண்ணெய்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "யாரு?"

"நாந்தாண்ணே. தலைக்கு வெச்ச கையோட தொட்டுட்டேன்."

அவர் ஒரு முட்டியைக் கியர்பாக்ஸின் மேல் வைத்தார். நெஞ்சுக்கூடு உள்ளே போவது எனக்குக் கேட்டது.

"மோந்தா மாதா கோயில் வாசம் அடிக்குது. ஒனக்கு ஏதுடா அது? யாரு?"

முட்டியை அழுத்தினார். நான் தைரியசாலி இல்லை. மூச்சு போய்விட்டது, கண்ணில் மின்மினி பறந்தது. இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாங்கவில்லை.

"அக்கா..." என்றேன்.

அவர் முட்டியை எடுத்தார். வெளியே போகத் திரும்பினார். அப்போது ஜாக்கிக்குப் பக்கத்தில் இரண்டு கால் வந்து நின்றது. வண்டிக்கு அடியில் கிடந்தால் மனிதருக்குக் கால் மட்டும்தான் தெரியும். செருப்பில்லாத கால், ஈர மண் ஒட்டின குதிகால். அப்புறம் ஒரு கோணல் கை கீழே வந்து ஜாக்கியின் திருகில் கம்பியை மாட்டியது. அதைக் கொஞ்சம் திருப்பினாலே எண்ணெய் இறங்கும், லாரி எங்கள் மேல் உட்காரும்.

"நாந்தான் தடவுனேன்" என்றது அக்காவின் குரல். "தங்கச்சிக்காகத் தடவுனேன். தெரியாமத் தடவுனேன். இப்ப வெளிய வந்து என்ன பண்ணப் போற?"

எப்போதும் அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடும் அந்த வாய்.

போர்மேன் அசையவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சு கேட்டது.

"ஏய். கைய எடு. மொதல்ல கட்டையக் குடு, அப்புறம் பேசுவோம்."

"கட்டையக் குடுத்துட்டா நீ பேசமாட்ட. அடிப்ப."

"பைத்தியமா ஒனக்கு? அவனும் கீழ கெடக்கிறான்லா!"

"கெடக்கட்டும்."

கம்பி 'கிறிச்' என்றது. லாரி ஒரு விரல்கடை இறங்கியது. சட்டம் அவர் காதில் உரசியது. நான் மாரியம்மா என்று கத்தினேன், அவர் மாதாவே என்றார்.

"இனிமே என்னத் தொட மாட்டேன்னு சொல்லு."

கேள்வியே கேட்காமல் அடித்த மனிதர், கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"தொட மாட்டேன்" என்றார்.

"சத்தமா."

"தொட மாட்டேண்டி!"

பிறகு அந்தக் கால் நகர்ந்து போய், ஒவ்வொரு ரயில் கட்டையாகப் புரட்டிக்கொண்டு வந்து சட்டத்துக்குக் கீழே தள்ளியது. இரண்டாவது கட்டை உள்ளே வந்ததும் அவர் உருண்டு வெளியே போனார். நான் நெஞ்சில் பாரத்தோடு அப்படியே கிடந்தேன். இப்போது நாலு கால் தெரிந்தது. அவருடைய கால் அக்காவின் காலை நோக்கி நடந்தது. அக்காவின் கால் பின்னால் போகவில்லை. ஒரு சாண் இடைவெளியில் நின்றன.

பளார் என்று ஒரு அடி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னால்தான், என்னால்தான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அக்காவின் கால் நின்ற இடத்திலேயே நின்றது. அவருடைய கால்தான் ஒரு எட்டுப் பின்னால் போயிருந்தது. ஒரு சிலிப்பர் கழன்று மண்ணில் கிடந்தது.

அக்காவின் கால் வீட்டுக்குள் போனது. அவர் சிலிப்பரை மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்து என் பக்கத்தில் படுத்தார். இடது கன்னத்தில் விரல் தடம், தோராயமாக நாலு. கோணல் கையால் வாங்கினது, ஒரு விரல் சரியாகப் பதியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி என் இடது காலிலிருந்து சிலிப்பரை உருவினார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மட்டமாகத்தான் இருந்தது. பிறகு அதை என் காலிலேயே மாட்டிவிட்டார். வாரை விரலுக்கு நடுவில் சரியாகச் செருகியும் விட்டார்.

"தூக்கிப் புடி" என்றார். வேலையைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த மாதமே பிரேக் பார்க்காமல் வண்டி ஏற்றினதற்கு என் கன்னத்தில் விழுந்தது. தவுக்கே மகனுக்கு விழுந்தது. ஒரு மாத்தாவுக்கே, போலீஸ்காரனுக்கே, கை ஓங்கினார் என்று சொன்னார்கள். ஆனால் வண்டிக்கு அடியில் போகும் முன் ஒரு பழக்கம் புதிதாக வந்திருந்தது. கட்டை இரண்டையும் வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து "வா" என்பார். அக்கா வந்து ஜாக்கிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். அவர் உள்ளே போய்ப் படுத்து, தலையைத் திருப்பி அந்தக் காலைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் ஸ்பேனரைக் கேட்பார். பயமா, நம்பிக்கையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மத்தியானச் சோற்று நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வருகிறதா என்று நான் காது கொடுத்துக் கேட்பேன். முன்னெல்லாம் காது கொடுக்காமலே கேட்டவன். தட்டுச் சத்தம் மட்டும் வரும்.

ஒரு வருஷம் போயிருக்கும். அவர் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். அக்கா அந்த டின்னில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பெஞ்சில் நான் மட்டும்தான். ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நெசமாவே எறக்கியிருப்பீங்களா? நானும் கீழ கெடந்தேனே. என்ன மறந்துட்டீங்களா?"

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மறக்கல தம்பி" என்றார். "நீயுந்தான் நாலு வருசமா அந்தப் பெஞ்சில ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே."

இன்னொரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். பிறகு, இடது கையை நீட்டி, "டீ ஆறுது. குடி" என்றார்.